இரண்டாம் பாதி முதலில்

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள திரையரங்கில், மதியம் இரண்டேகால் காட்சியில், ஒரு படத்தின் இரண்டாம் பாதி முதலில் ஓடியது.

கனவுக்குள் கனவு, அதற்குள் இன்னொன்று என்று இறங்கிக்கொண்டே போகும் விஞ்ஞானப் படம். அரங்கில் நூற்றுப் பன்னிரண்டு பேர். எடுத்த எடுப்பிலேயே கதாநாயகன் கண்ணீரோடு யாரிடமோ விடைபெற்றான்; ஒருவரும் அசையவில்லை. இடைவேளைக்கு முன்பே நன்றி அறிவிப்பு ஓடியது. அதையும் இயக்குநரின் குறும்பு என்று கைதட்டினார்கள்.

தட்டாதவள் ஒருத்திதான். படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதியவள். நாற்பது நாள் உழைப்பு...

படியேறிப் போய் ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டினாள். திறந்தவனின் கண்கள் அப்போதுதான் சிரித்து முடித்தவை போலிருந்தன. கோபத்தோடு வந்தவள் ஒரு கணம் அந்தக் கண்களையே பார்த்தாள்.

“சார்... படம் முன்னுக்குப் பின்னா ஓடுது.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையே மேடம்.”

“நான் சொல்றேன். முதல்ல வந்த வசனம் எழுநூத்துப் பன்னெண்டாவது வரி. எழுதினது நான்.”

“இந்தப் படத்துல எது முன்னாடி, எது பின்னாடின்னு எடுத்தவருக்கே தெரியாது. உங்களுக்கு எப்படி?”

சுருக்கென்றது. ‘இந்தக் கண்ணைப் போய் ரசித்தாயே’ என்று தன்னையே திட்டிக்கொண்டு இறங்கினாள். வெளியே மழை கொட்டியது. குடை கொண்டுவரவில்லை. வாசல் கூரையின் கீழ் நின்றாள்.

இடைவேளை மணி அடித்தது. படம் தொடங்கவில்லை. திறந்திருந்த கதவு வழியே அவன் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். திரைக்கு முன்னால் அவனே நின்றிருந்தான்.

படம் இரண்டு ஃபைலாக வந்தது, நீளமான பெயர்களில் கடைசி எண் மட்டும்தான் வேறு, வரிசையை மாற்றிப் போட்டது தான்தான், தவறு தன்னுடையது, முதல் பாதி இனிமேல்தான் வரும் என்றான். முன்வரிசையில் ஒருவர், இதுவும் படத்தில் வருகிறதா என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அவனுடைய தாய்மாமா. இன்னொரு தவறு நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் போன மாதம்தான் சொல்லியிருந்தார்.

படத்தை ஓடவிட்டு அவன் வாசலுக்கு வந்தான். மழைச்சாரல் இருவர் மேலும் தெறித்தது.

“நீங்க போனதும் ஃபைல் லிஸ்டைப் பார்த்தேன்... நீங்க சொன்னதுதான் சரி. பேசினதுக்கு மன்னிச்சிடுங்க.”

“வேலை போயிடுமா?”

“மாமா கத்துவார். அப்புறம் பார்க்கலாம்.” தயங்கினான். “இன்னொண்ணு சொல்லணும்... அந்த லிஸ்ட் போடும்போது, மேல ஜன்னல் வழியா டிக்கெட் வரிசையில உங்களைப் பார்த்தேன்.”

“ஓஹோ... அப்போ தப்பு என் மேலயா?”

“இல்லைங்க. பார்த்தது நான்தானே.”

அவள் மழையைப் பார்த்தாள். மழை குறைந்திருந்தது, அவளுக்குக் கிளம்ப மனமில்லை.

“உங்ககிட்ட சண்டை போடத்தான் மேல வந்தேன். கதவு திறந்ததும் என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோச்சு... எனக்கு இப்படி ஆனதே இல்லை. ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை கிடையாது.”

மாமா அவனை மூன்று நாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலக வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. இருவரும் நாலரைக்கே வந்துவிட்டார்கள்.