இடது காலுக்கு ஒரு வேலை

புதுப் பேருந்து நின்றது. நின்றது என்று மரியாதையாகச் சொல்வது சரியில்லை. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல வெடுக்கென்று நின்றது.

உள்ளே நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். நடத்துனர் மாமா கம்பியைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தார். அவருடைய தொப்பி மட்டும் பறந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த இருக்கையில் இருந்தவர் பட்டாணியின் அப்பா.

பட்டாணி என்பது வீட்டில் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. வருகைப் பதிவின்போது தவிர, அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

பணிமனைக்குப் பத்து மின்சாரப் பேருந்துகள் புதிதாக வந்திருந்தன. அவற்றை ஓட்ட ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரு சோதனையில் தேற வேண்டும். பயணிகள் போல ஏறி நிற்க, ஊழியர்களின் குடும்பத்தாரை அழைத்திருந்தார்கள். அப்படித்தான் பட்டாணியும் வந்திருந்தாள்.

சோதனை செய்யும் மேடம் தாளில் ஏதோ எழுதினார்.

“ஓட்டுநரே, இன்னிக்கு மூணு தடவை இப்படி நிறுத்திட்டீங்க. நிஜமான பயணிங்களா இருந்தா எத்தனை பேருக்குப் பல்லு போயிருக்கும்?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “மன்னிச்சுக்குங்க மேடம்.”

“சனிக்கிழமை காலையில இன்னொரு தடவை பாக்கலாம். அதுதான் கடைசி. அன்னிக்கும் இப்படியே ஆச்சுன்னா உங்களை ரோட்டுல விட முடியாது. பணிமனைக்குள்ளேயே வண்டியைக் கழுவுற இடத்துக்கும் நிறுத்துற இடத்துக்கும் ஓட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.”

பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். அப்பா பதினெட்டு வருடமாக ஓட்டுநர். எந்த முக்கில் திரும்பினால் வெயில் கண்ணில் குத்தும், எந்த நிறுத்தத்தில் கைத்தடித் தாத்தா ஏறுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த அப்பா இனி கழுவுமிடத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும் நடுவிலா ஓட்டுவது?

இன்று புதன்கிழமை.

*

வீட்டில் அப்பா தட்டைத் தொடவில்லை.

“என்னங்க, சாப்பாடு மேலயும் கோபமா?” என்றாள் அம்மா.

“எல்லாம் இந்தக் காலால வந்த வினை.” அப்பா தம் இடது காலைக் காட்டினார். “பழைய வண்டியில மூணு மிதி இருக்கும். இடது கால் கிளட்சை மிதிக்கணும், வலது கால் பிரேக்கை மிதிக்கணும். நிறுத்தணும்னா ரெண்டும் சேர்ந்து இறங்கணும். புது வண்டியில கிளட்சே கிடையாது. ஆனா இந்தக் காலுக்கு அது தெரியலையே! ஓடிப்போய்ப் பிரேக்கை ஓங்கி மிதிச்சுடுது.”

“சும்மா வச்சுக்கக் கூடாதா?” என்றாள் அம்மா.

“மேடமும் அதைத்தான் சொன்னாங்க. பதினெட்டு வருஷம் உழைச்ச காலு, சும்மா இருன்னா இருக்குமா?”

பட்டாணி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அப்பா, இதுல உக்காருங்க. இதுதான் பஸ். பிரேக்!”

அப்பாவின் இடது கால்தான் முதலில் தரையை மிதித்தது. அவரே அதிர்ந்துபோய்க் காலைப் பார்த்தார்.

முதலில், அந்தக் காலை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்து பார்த்தார். கால் மரத்துப்போனதுதான் மிச்சம். பிறகு பட்டாணி ஒரு துண்டால் காலை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். “பிரேக்!” என்றதும் நாற்காலியும் சேர்ந்து நகர்ந்தது.

“சோதனைக்கு இவரை நாற்காலியோடவே தூக்கிட்டுப் போயிடலாமா?” என்று அம்மா சிரித்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பி தண்ணீர்க் குடத்தை நோக்கித் தவழ்ந்து போனான். அவனுக்கு வயது ஒன்று. “தொடாதே!” என்றால் இன்னும் வேகமாகப் போவான். அம்மா எதுவும் சொல்லாமல் அவன் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். அவன் அங்கேயே உட்கார்ந்து தரையைத் தட்ட ஆரம்பித்தான். குடம் அவனுக்கு மறந்தே போயிற்று.

பட்டாணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா! உங்க காலும் தம்பி மாதிரிதான். சும்மா இருன்னா இருக்காது. அதுக்கு ஒரு வேலை குடுங்க.”

“என்ன வேலை?”

“புது பஸ்ல இடது பக்கம் கால் வைக்க ஏதாவது இருக்கா?”

அப்பா யோசித்தார். “ஓரத்துல சாய்வா ஒரு மேடை இருக்கு. கால் வச்சுக்கத்தான்.”

“அப்போ நிறுத்தும்போதெல்லாம் இடது கால் அந்த மேடையை மிதிக்கட்டும்!”

செருப்புப் பெட்டி ஒன்றில் பழைய செய்தித்தாள்களைத் திணித்து மேடை செய்தாள். வலது பக்கம் ஒரு தலையணை. அதுதான் பிரேக். இடது கால் பெட்டியை அழுத்தமாக மிதிக்க வேண்டும், வலது கால் தலையணையைப் பூப்போல மிதிக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கணக்கும் வைத்தாள். புதன்கிழமை இருபது தடவையில் பதின்மூன்று தப்பு. வியாழக்கிழமை நான்கு. வெள்ளிக்கிழமை மாலை ஒன்றுகூட இல்லை.

“ஜெயிச்சாச்சு!” என்று பட்டாணி குதித்தாள்.

அந்த நேரம் தம்பி ஒரு தட்டைக் கீழே தள்ளினான். டமார்!

அப்பாவின் இடது கால் பெட்டியைத் தாண்டித் தலையணைமேல் ஓங்கி விழுந்தது.

தட்டு சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

“நிதானமா இருக்கும்போது சரியா வருது,” என்றார் அப்பா மெல்ல. “பதறினா பழசுதான் வருது. ரோடுன்னா பதற்றம் இல்லாம இருக்குமா?”

பட்டாணி விழுந்த தட்டைக் கையில் எடுத்தாள். பிறகு, “அப்போ பதறிக்கிட்டே பழகணும்” என்றாள்.

அதற்குப் பிறகு அன்றிரவு அந்த வீட்டில் அப்பாவுக்கு நிம்மதி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் கதவுக்குப் பின்னாலிருந்து “பிரேக்!” என்று ஒரு கத்தல். கண்ணை மூடினால் காதருகே தட்டு விழும். அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

“ஐயோ, ஓட்டுநர் வேலையே வேண்டாம், விடுங்கம்மா!” என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் கும்பிடும்போதும் இடது கால் பெட்டியின் மேல்தான் இருந்தது.

*

சனிக்கிழமை காலை. ஓட்டுநரிடம் யாரும் பேசக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டாணி முன்பக்கக் கம்பியை முழங்கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து அப்பாவின் கால்கள் தெரிந்தன.

“தொப்பியை இன்னிக்குப் பையில வச்சுட்டேன்,” என்றார் நடத்துனர் மாமா அவள் காதில்.

பேருந்து சத்தமே இல்லாமல் நகர்ந்தது. முதல் நிறுத்தம். இடது கால் மேடையில். தப்பில்லை. இரண்டாவது நிறுத்தம். தப்பில்லை. மேடம் எழுதவே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று பட்டாணிக்குத் தெரியவில்லை.

கடைத்தெருவுக்குள் பேருந்து நுழைந்தது. திடீரென்று சந்திலிருந்து ஒரு சைக்கிள் வெளியே பாய்ந்தது. பின்னால் ஒரு மர நாற்காலியைக் கட்டியிருந்தார்கள். ஓட்டி வந்தவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

யாரோ “ஐயோ!” என்றார்கள்.

அப்பாவின் இடது முழங்கால் மேலே எழும்பியது. பட்டாணியின் வாய்வரை சத்தம் வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். எழும்பிய கால் நடுவில் ஒரு நொடி தயங்கியது...

பிறகு, ஓரத்து மேடையை ஓங்கி மிதித்தது.

வலது கால் பிரேக்கை அளவாக அழுத்தியது. எல்லாரும் லேசாக முன்னால் சாய்ந்து, லேசாகப் பின்னால் வந்தார்கள். யாரும் விழவில்லை. சைக்கிள்காரர் தம்பாட்டுக்குத் தெருவைக் கடந்து போனார்.

மேடம் அன்று முதல் தடவையாகப் பேனாவைத் திறந்தார்.

இன்னும் ஒரே ஒரு நிறுத்தம் பாக்கி. பேருந்து நிலையம். இத்தனை தூரம் வந்துவிட்டு அங்கே தவறிவிட்டால்? பட்டாணியால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. கண்ணை இறுக மூடினாள். காதுகளையும் பொத்திக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வெடுக்குக்காகக் காத்திருந்தாள். பத்து வரை எண்ணினாள். பிறகு இருபது. வெடுக்கென்று எதுவும் வரவில்லை.

மாமாவின் விரல் அவள் தோளைத் தட்டியது. காதிலிருந்து கையை எடுத்தாள். கண்ணை மட்டும் திறக்கவில்லை.

“மாமா, பஸ் எப்ப நிக்கும்?”

“இனிமே எங்க நிக்கிறது? நின்னு ஒரு நிமிஷமாச்சு. மேடம் கையெழுத்தே போட்டுட்டாங்க!”

பட்டாணி கண்ணைத் திறந்தாள். கதவு திறந்திருந்தது. வெளியே பையும் குடையுமாக ஒரு வரிசையே நின்றது.

அப்பா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“இறங்கு பட்டாணி. அடுத்த நடை என்னோடதுதான். நிஜமான பயணிங்க ஏறணும்ல?”