கேரியரில் இருந்தவள்

விடியற்காலையிலிருந்து முதுகில் அனலாய்க் காய்ந்துகொண்டிருந்தது எப்போது அணைந்தது என்று நசீருதீனுக்குத் தெரியவில்லை. சைக்கிள் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து, அவன் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு வந்த மனைவி ரசியாவின் உள்ளங்கைகள் காலை முழுவதும் சட்டையைத் தாண்டிச் சுட்டன. இப்போது அவை ஆற்று மணலைப் போலக் குளிர்ந்திருந்தன.

“காய்ச்சல் விட்டுருச்சா புள்ள?” என்று திரும்பாமலே கேட்டான்.

அசந்துவிட்டாள் போல. மலேரியாக் காய்ச்சல் விடும்போது உடம்பு தொப்பலாக நனைந்துபோகும். போன வாரம் அப்படித்தான் வேர்த்தாள், பாயைப் பிழியலாம் போல. இந்தக் கைகளில் ஈரமே இல்லை. அதைக் கவனித்தான். கவனித்ததை உடனே மனசிலிருந்து தள்ளியும் விட்டான். காய்ச்சல் விட்டதே பெரிது. அல்ஹம்துலில்லாஹ்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம் முடியப்போகிறது. அதற்கு முன்னால் நசீருதீன் கிள்ளானில் துணி வியாபாரம் பார்த்தவன். கடையென்று ஒன்று கிடையாது, சைக்கிள்தான் கடை. கைலியும் சேலையும் சீட்டித் துணியுமாக மூட்டை கட்டிக் கேரியரில் ஏற்றிக்கொண்டு ரப்பர் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய், கூலிக்காரர்களின் லயத்து வாசல்களில் விரித்து விற்பான். இப்போது விற்கத் துணி இல்லை. சைக்கிளுக்கு டியூப்கூடக் கிடைப்பதில்லை. ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் முறுக்கியிருந்தான். சக்கரம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் கம்பி முடிச்சு தரையில் டொக்கென்று இடிக்கும்.

நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம்தான் மகள் அமீனாவை இதே காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார்கள். கபனுக்குத் துணியில்லாமல் ரசியாவின் கல்யாணச் சேலையில் சுற்றி அடக்கினார்கள். துணி வியாபாரி வீட்டுப் பிள்ளை. இப்போது ரசியாவும் படுத்துவிட்டாள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அய்யாவு, பழைய பழக்கம், மலேரியாவுக்குப் போடும் கொயினா ஊசி கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். “ஊசியக் கொடுத்தனுப்ப முடியாது. ஆளக் கொண்டாந்துரு” என்பது சேதி.

பெரிய ரோட்டில் போக முடியாது. ஜப்பான்காரர்கள் லோரியை நிறுத்திவைத்து, வருகிற ஆம்பிளையையெல்லாம் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பிடித்துவிட்டால் இவளை யார் கொண்டுபோவது? அதனால்தான் கிள்ளான் ஆற்றை ஒட்டி, எஸ்டேட்டுகளுக்கு உள்ளேயே வளைந்து வளைந்து போகும் இந்தச் செம்மண் பாதை. துணி மூட்டையோடு நூறு தடவை வந்த வழி. அப்போதெல்லாம் எதிரே பால் வாளியோடு ஆட்கள் வருவார்கள், மாட்டு வண்டி வரும், கணக்கெழுதும் கிராணியின் சைக்கிள் மணி கேட்கும். இன்றைக்குக் காலையிலிருந்து ஓர் ஆள் எதிர்ப்படவில்லை. ரப்பர் மரங்களில் கட்டியிருந்த கோப்பைகளில் பாலுக்குப் பதில் மழைத் தண்ணீர் தேங்கி, கொசு மொய்த்தது. லாலான் புல் இடுப்பளவு நின்றது. அழுகின ஒட்டுப்பால் நாற்றம், பல் விளக்காத வாய் மாதிரி, கூடவே வந்தது.

ஒரே ஒருத்தியைப் பார்த்தார்கள். காலையில், ஆளில்லாத லயம் ஒன்றின் பின்னால் மரவள்ளி தோண்டிக்கொண்டிருந்தாள். அவனிடம் முன்பு சேலை வாங்கிய வீரம்மா. அவனைக் கண்டதும் கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“அக்கா, நான்தான், துணிக்கார நசீரு.”

“பேசு. இன்னும் பேசு.”

அவன் ஊசியைப் பற்றியும் ரசியாவைப் பற்றியும் சொல்லச் சொல்லத்தான் கடப்பாரை இறங்கியது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். லயத்து ஆம்பிளைகள் எல்லாரையும் சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள் என்றாள். அவள் புருஷன் கன்னையாவையும்தான்.

“சேதி ஏதும் வந்துச்சாக்கா?”

“ஆளே வந்துச்சு.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஒருத்தர் ரெண்டு பேருன்னு வர்றாங்க. கதவத் தட்டிப் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. எங்க வீட்டுக்காரரும் வந்தாரு. நான் தொறக்கல.”

“ஏங்க்கா?”

“போனவங்க மாதிரியேதான் இருக்காங்க, தம்பி.” மறுபடி மண்ணைத் தோண்டத் தொடங்கினாள். “மாதிரியேதான்.”

பசியும் துக்கமும் சேர்ந்து புத்தியைக் கலக்கிவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தான்.

அதற்குப் பிறகு ரசியாவுக்குக் காய்ச்சல் தலைக்கேறியது. மூச்சுக்கு மூச்சு யா ஷாஃபி, யா ஷாஃபி என்று நோய் தீர்ப்பவனை அழைத்து முனகினாள். நடுநடுவே பேசினாள். “இன்னும் எவ்வளவு தூரம் மச்சான்?” என்றாள். “கால் மரத்துப்போச்சு” என்றாள். ஒரு தடவை, தெளிவாக, “அமீனா தூங்கிட்டாளா?” என்று கேட்டுவிட்டு விசும்பினாள். “தூங்கிட்டா புள்ள” என்று சொன்னான். அதற்குமேல் அவனுக்குப் பாதை தெரியவில்லை, கண்ணீர் மறைத்தது.

ஆறு வளைகிற இடத்தில் அவள் தாகத்தில் சரிய ஆரம்பித்ததும் நிறுத்தினான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, அவளைத் தூக்கி மரத்தடியில் படுக்கவைத்து, “இங்கேயே இரு புள்ள, தண்ணி மொண்டுக்கிட்டு இதோ வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தகரக் குவளையோடு சரிவில் இறங்கினான். மழையில் ஆறு சிவந்து நுரைத்துக் கிடந்தது. தெளிந்த தண்ணீர் தேடிக் கொஞ்ச தூரம் கரையோடு போகவேண்டியிருந்தது. மேலே ஏறி வந்து பார்த்தால் மரத்தடியில் அவள் இல்லை. கேரியரில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை முகத்தை மூட இழுத்துவிட்டுக்கொண்டு, நெட்டுக்குத்தாக, காத்திருப்பவள் போல.

எழுந்து நிற்கவே முடியாதவள் எப்படி ஏறினாள்? கேட்டான். சொல்லவில்லை. குவளையை நீட்டினான். வாங்கவில்லை. அவனே குடித்துக் குவளையைக் காலி செய்தான். சரி, சீக்கிரம் போகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். அடுத்து வந்த பலகைப் பாலத்தில் அவளை இறக்காமலே சைக்கிளைத் தள்ளிக் கடந்தான். வழுக்கும் பலகைகளிலேயே கண் இருந்ததால், எவ்வளவு சுலபமாகத் தள்ளினோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

இப்போது உறைத்தது.

மேட்டை அவன் மிதித்தே ஏறியிருந்தான். காலையில் இதைவிடச் சின்ன மேட்டில் இறங்கி, மார்பு வெடிக்கத் தள்ளியவன். மூச்சு வாங்கவில்லை. வேர்க்கவில்லை. மாலை இருட்டிக்கொண்டு வந்தது. வழக்கமாக இந்த நேரத்துக்குக் காடு முழுக்கச் சிள்வண்டு அலறும், ரப்பர் காய் வெடித்துக் கொட்டை பட்டென்று சருகில் விழும். ஒன்றும் கேட்கவில்லை. முன்சக்கரத்தின் முடிச்சு மட்டும் இடித்தது. டொக். டொக். பின்சக்கரத்தின் முடிச்சுதான் காலை முழுவதும் கனமாக இடித்து அவன் இடுப்பெலும்பை நோகடித்தது. அது இப்போது தரையைத் தொடுகிற சத்தமே வரவில்லை. அதன்மேல் எதுவுமே இல்லாதது போல.

ஆனால் கைகள் இருந்தன. வயிற்றின்மேல் விரலோடு விரல் கோத்து இருந்தன.

“இன்னும் எவ்வளவு தூரம் மச்சான்?”

ரசியாவின் குரல். அவனுக்கு உயிர் வந்தது. “வந்துட்டோம் புள்ள. பெட்டாலிங் தாண்டிட்டா பிரிக்பீல்ட்ஸ்தான். முழிச்சிட்டியா? எப்படி இருக்கு உடம்பு?”

“கால் மரத்துப்போச்சு.”

“கொஞ்சம் பொறுத்துக்க.”

“அமீனா தூங்கிட்டாளா?”

பிறகு ஒரு விசும்பல். காலையில் விசும்பிய அதே இடத்தில், அதே நீளத்தில், முடிவில் மூக்கை உறிஞ்சியது உட்பட.

கொஞ்ச தூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் மறுபடி கேட்டது. “இன்னும் எவ்வளவு தூரம் மச்சான்?” அதே இழுப்பு. “கால் மரத்துப்போச்சு.” அதே சலிப்பு. காலையிலிருந்து ஓயாமல் வந்த யா ஷாஃபி மட்டும் இல்லை. அந்த முனகல் எப்போது நின்றது? ஆற்றங்கரையில். தண்ணீர் எடுத்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவன் அதைக் கேட்கவில்லை.

காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினான். சின்ன வயதிலிருந்து மனப்பாடமானது பாதியில் அறுந்துபோனது. மறுபடி தொடங்கினான். மறுபடி அதே இடத்தில் அறுந்தது.

“ரசியா.” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். “உங்க வாப்பா பேரு என்ன புள்ள?”

பின்னால் அமைதி. யோசிக்கிற மாதிரி அமைதி.

“அமீனா தூங்கிட்டாளா?”

“உங்க வாப்பா பேரு. சொல்லு. ஒரு தடவ சொல்லிரு. அல்லாவுக்காகச் சொல்லிரு புள்ள.” அழுதுகொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்துவிட்டால் முடிந்துபோகும் என்று தோன்றியது. பார்க்காதவரை அவள் ரசியாதான். காய்ச்சலில் உளறுகிறாள். வேறென்ன? வேறென்ன இருக்க முடியும்?

முக்காட்டுத் துணி அவன் பிடரியில் உரசியது. காதுக்குப் பக்கத்தில் குளிர்ச்சி வந்து நின்றது. மூச்சு இல்லை. வெறும் குளிர்ச்சி.

“இங்கேயே இரு புள்ள. தண்ணி மொண்டுக்கிட்டு இதோ வந்துர்றேன்.”

அது ரசியாவின் குரல் இல்லை.

அவன் குரல்.

ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினான். சைக்கிள் சறுக்கி, நிமிர்ந்து, வந்த வழியே ஓடியது. மரத்தடியில் அவன் அதைச் சொன்னபோது பக்கத்தில் யாரும் இல்லை. அவனும் ரசியாவும் மரங்களும்தான். மரங்களுக்கு நடுவிலிருந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. காலையிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அப்படியென்றால் ரசியா? ரசியாவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். காய்ச்சலோடு. தாகத்தோடு. யா அல்லாஹ், தண்ணீரைக்கூட அவனே குடித்துத் தொலைத்தானே.

மேட்டிலிருந்து இறங்கினான். மிதித்தான். கைகள் அவனைத் தடுக்கவில்லை. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது. அவை சும்மா இருந்தன. அவன் எங்கே போகிறான் என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை.

பாலம் தெரிந்தது. அதற்கு முன்னால் பாதை ஆற்றோரம் வருகிற இடத்தில் அக்கரை முழுக்கத் திறந்து கிடந்தது. அவளைப் படுக்கவைத்த மரம். மிதிபட்ட புல். ஆளில்லை.

பிறகு சரிவில் ஏதோ அசைந்தது.

ரசியா.

கையை ஊன்றி ஊன்றித் தவழ்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்து சேறாக இருந்தது. அவனைத் தேடித்தான் ஆற்றில் இறங்கியிருக்கிறாள். அவன் போன பக்கம் போகாமல் வேறு பக்கம் போய்த் தேடியிருக்கிறாள். மரத்தைப் பிடித்து எழுந்து நின்று, பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். “மச்சான்!” என்று கூப்பிட்டாள். தண்ணீர் இரைச்சலுக்கு மேலே அந்தக் கிழிந்த குரல் வந்து அவன் நெஞ்சில் விழுந்தது.

“ரசியா!” என்று கத்த வாயைத் திறந்தான்.

கைகள் இறுகின.

மெதுவாகத்தான். விலா எலும்புகள் ஒன்றோடொன்று நெருங்கின. காற்று வெளியே போனது. உள்ளே வரவில்லை. சைக்கிள் நின்றுவிட்டது, ஸ்டாண்டு போடாமலே, சாயாமலே. குதிக்கப் பார்த்தான். கால் பெடலிலிருந்து வரவில்லை. மணியை அடிக்க விரலை நீட்டினான். எட்டவில்லை. ஒரு விரல்கடை தூரம். எட்டவில்லை.

அக்கரையில் ரப்பர் மரங்களுக்குள் டொக்கென்று கேட்டது.

டொக்.

ரசியா திரும்பினாள். மர நிரைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. சக்கரங்களில் குழாய் சுற்றிக் கம்பியால் முறுக்கியிருந்தது. ஓட்டி வந்தவன் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தான். நசீருதீன் இப்போது கட்டியிருக்கும் கைலி. அவன் சட்டை. அவன் தாடி. அவன் முகம்.

ரசியா அழுதுகொண்டே ஓடினாள். ஓட முடியாமல் விழுந்து, எழுந்து, ஓடினாள். “எங்க மச்சான் போயிட்டீங்க? எங்க போயிட்டீங்க?” வந்தவன் ஒரு காலை ஊன்றிப் பொறுமையாகக் காத்திருந்தான். அவள் கேரியரில் ஏறி ஒருக்களித்து உட்கார்ந்து, அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒரு கணம் அவள் கைகள் தயங்கின, சூடான கைகள் சில்லென்ற எதையோ தொட்டதுபோல.

வேண்டாம் புள்ள, என்று இக்கரையில் நசீருதீன் மனசுக்குள் கத்தினான். இறங்கு. இறங்கு.

சைக்கிள் மரங்களுக்குள் திரும்பியது. வந்தவனின் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு ரசியா கண்ணை மூடினாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் நிம்மதி இருந்தது.