காவலாளி நின்ற நாற்பது வினாடி

மதியம் இரண்டு மணிக்கு அந்த டிக் சத்தம் நின்றுபோனது.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் வாடகைக்கு எடுத்த அந்த வீட்டில், மின்விசிறியின் முனகலுக்கும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கும் ஜன்னல் வழியே வரும் ஈர மணல் வாசனைக்கும் அடியில், அறிவுமதியின் லேப்டாப் வினாடிக்கு ஒருமுறை டிக் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அது கேட்கிற வரை வீட்டில் தன்னைத் தவிர யாருமில்லை என்று அவள் நம்பினாள். இப்போது மின்விசிறி மட்டும் கேட்டது. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, டிக் திரும்பி வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாற்பது வினாடி.

அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கூடம் காலி. வாசல் கதவு பூட்டியபடியே இருந்தது.

பூட்டிய வீட்டுக்குள் மணல் அப்பிய காலடிகள் தென்பட ஆரம்பித்த வாரம், கதவுகளிலும் கூடத்திலும் சென்சார் பொருத்தி, அவளும் கணவன் அஜித்தும் சேர்ந்து எழுதிய நிரலின் சத்தம் அது. "உன் செருப்புல ஒட்டிட்டு வந்திருக்கும், மதி. பேய்க்குக் கால் கழுவத் தெரியாதாக்கும்?" என்று கேலி செய்தாலும், அவனும் கூடவே உட்கார்ந்து எழுதினான்.

நிரலின் உள்ளே ஓடும் ஈவென்ட் லூப் ஒரே ஒரு காவலாளி மாதிரி. வாசல் கதவு, கூடம், அறைக் கதவு, அறைக்குள் மேலே மாட்டிய கேமரா என்று ஒவ்வொன்றிடமும் போய், ஏதாவது உண்டா என்று கேட்பான். இல்லையென்றால் அங்கே காத்து நிற்கமாட்டான், அடுத்ததற்குப் போய்விடுவான். நிற்காமல் சுற்றுவதால்தான் ஒரே ஆளால் மொத்த வீட்டையும் பார்க்க முடிகிறது. அவன் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்பதற்கு அடையாளம் அந்த டிக். அவனை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் வரி ஒன்றை எங்காவது எழுதிவிட்டால் போதும், அத்தனை கதவுகளும் அனாதை.

தன் தவறாகத்தான் இருக்கும் என்று நிரலைத் திறந்தாள்.

இரண்டு வரிகள். வாசல் கதவு திறந்தால், லூப் நாற்பது வினாடி உறங்க வேண்டும். எழுந்ததும், அதற்குள் வரிசையில் சேர்ந்துவிட்ட செய்திகளைப் படிக்காமலே அழித்துவிட வேண்டும். எழுதியவர் பெயர்: அஜித்.

அந்தப் பெயரை இன்னொருமுறை படித்தாள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதைச் சோதித்த பிறகே அடுத்தது. அது அவள் பழக்கம். அழிக்கும் வரியை மட்டும் முதலில் நீக்கினாள். நிரலை மறுபடி ஓடவிட்டாள். டிக். டிக். அஜித்துக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, லூப்பைத் தூங்க வைக்கற வரி நீங்க போட்டதா?"

போனுக்குள் பஸ் ஹாரன். "முறுக்கேய்... மணப்பாறை முறுக்கேய்..." என்று ஒரு குரல் அவன் பஸ் ஜன்னலோரமாகக் கடந்தது.

"மணப்பாறையிலயா இருக்கீங்க? திருவெறும்பூர் போயிட்டு வரேன்னுதானே சொன்னீங்க?"

"பாத்துட்டியா, மதி?" களைத்த குரல். "நீ பாத்தா பயந்துடுவேன்னுதான்..."

டிக் நின்றது.

"அது என்னைத்தான் முதல்ல கேட்டுச்சு," என்றான் அஜித். "அப்புறம், யாராவது ஒரு ஆள் போதும்னுச்சு. மாறிக்கிட்டா என்னை விட்டுடறேன்னுச்சு."

"என்னையக் காட்டிக் குடுத்தீங்களா?"

"சாவியும் குடுத்துட்டேன்."

முதுகுக்குப் பின்னால் மின்விசிறிக் காற்று திசை மாறியது. யாரோ நடுவில் வந்து நின்றது போல. திரும்பக் கூடாது. எண்ணினாள். இருபது. பாசி வாசனை. இருபத்தெட்டு. கழுத்தில் சில்லிப்பு. முப்பத்தைந்து. இன்னும் ஐந்து. காவலாளி விழிக்கட்டும்.

"மதி? வந்துருச்சா?"

டிக்.

நாற்பது வினாடியாகக் காத்துக் கிடந்த செய்திகள் ஒன்றாகத் திரையில் கொட்டின.

வாசல் கதவு திறந்தது. 40 வினாடிக்கு முன்.

வாசல் கதவு மூடியது. 36.

கூடத்தில் அசைவு. 31.

அறைக் கதவு திறந்தது. 22.

அறைக் கதவு மூடியது. 20.

கேமரா படம். 9.

படம் மெல்லத் திறந்தது. மேசை. அவள் முதுகு. வலது காதில் போன். அந்தப் போனின் மறுபக்கத்தில், அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து, இன்னொரு முகம் அஜித் பேசுவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் மேலே திரும்பி, கேமராவைப் பார்த்தன.