அப்பா சொல்லாத கோயில்

பாதையை யாரோ பெருக்கியிருந்தார்கள். முப்பது வருஷமாக ஆள் நடமாட்டமே இல்லாத கோயில் என்றார்கள். ஐந்தருவிக்கு மேலே, பட்டப்பகலிலும் இருண்டு கிடந்த அந்தக் காட்டில், ஆடிச் சாரலில் ஊறிய சருகு கணுக்கால் வரை கிடக்க வேண்டிய இடத்தில், ஓர் இலைகூட இல்லாமல் விளக்குமாற்றுக் கோடுகள் மட்டும் மேலேறிப் போயின. நல்லதம்பிக்கு அது பிடிக்கவில்லை. தோளில் தூங்கிய மகனை இறுக்கிக்கொண்டான்.

திரும்பியிருக்கலாம்தான். ஆனால் இரண்டு பிள்ளைகளை ஒரு வயது முடியுமுன் காய்ச்சலுக்குக் கொடுத்தவன் எப்படித் திரும்புவான்? குலசாமியை மறந்த வீடு, அதனால்தான் இப்படி என்று துக்கம் கேட்க வந்த தென்காசிக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார்கள். அப்பாவோ எந்தக் கோயில் என்று வாயைத் திறக்காமலே செத்துப்போனார். ஊரார் நிலத்துக்கெல்லாம் மூலப்பத்திரம் தேடிக் கொடுக்கும் பத்திர எழுத்தரான அவன், தன் சாமி எதுவென்று தெரியாமல் முழித்தான். ஆலங்குளத்து அத்தை பார்வதியம்மாளிடம் கேட்டதற்கு, "தேடாத லே, நல்லா இருப்பே" என்று அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள். வயசான மனுஷி என்று விட்டுவிட்டான். இரண்டு வருஷம் பழைய பத்திரங்களைக் கிளறி, ஓர் எல்லை விவரத்தில் இந்த இடத்தைக் கண்டபோது சந்தோஷத்தில் அவனும் அழுதான்.

பெண்கள் ஏறக்கூடாதாம். மனைவி ஆவுடைத்தாய் அருவிப் பக்கமே நின்றுவிட்டாள். "முடி எறக்குனதும் தலையத் தொவட்டிருங்க. சாரல் பட்டா சளி புடிச்சிரும்" என்று பத்துத் தடவை சொன்னாள்.

மேலே போகப் போக அருவிச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. காட்டு வாசனைக்கு நடுவே வசம்பும் சாம்பிராணியும் தாய்ப்பாலும் கலந்த, பிள்ளை குளிப்பாட்டிய வீட்டின் வாசனை வந்தது.

பூசாரி கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க. புள்ளையக் குடுங்க."

"தாய்மாமன் சாயங்காலந்தான் வருதான். அதுவரைக்கும்..."

"இங்கன தாய்மாமன் மடி கெடையாது. சாமி மடிதான்."

எந்தத் தகப்பனும் செய்யாத காரியத்தை நல்லதம்பி செய்தான். தாய்மாமன் இல்லாமல், பேர் தெரியாத கையில் பிள்ளையைக் கொடுத்தான். சாமி கோபித்துக்கொள்ளுமோ என்ற பயம்.

பூசாரி பிள்ளையோடு பீடத்துக்குப் பின்னால் போனார். கத்தி உரசும் சத்தம் கேட்டது. பிள்ளை அழவில்லை. முதல் மொட்டைக்கு அழாத பிள்ளை உண்டா?

அப்போதுதான் ஓரத்தில் இருந்த வரிசையைப் பார்த்தான். சின்னச் சின்ன மண் பீடங்கள். ஒவ்வொன்றும் ஒரு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் உயரம்.

"சாமி, இதெல்லாம் என்ன?"

"ஒங்க வீட்டுப் புள்ளைங்க. தலமுறைக்கு ஒண்ணு. கடைசியா இருக்கது ஒங்க அப்பாவோட அண்ணன்."

அதற்கு அடுத்த இடம் காலியாக இருந்தது.

"அது ஒங்க எடம். ஒங்களத் தூக்கிட்டுத்தான ஒங்க அப்பா ஓடுனாரு."

நல்லதம்பிக்கு இப்போது புரிந்தது. அப்பா மறக்கவில்லை. மறைத்திருக்கிறார். காய்ச்சல் வெறும் காய்ச்சல்தான். இவனாகத் தேடி வந்திருக்கிறான். இவனாகக் கொடுத்திருக்கிறான்.

"புள்ளையத் தாங்க!"

துண்டில் சுற்றிய பிள்ளையைப் பூசாரி மறுபேச்சில்லாமல் நீட்டினார். பிடுங்கிக்கொண்டு ஓடினான். வழுக்கினான். எழுந்தான். ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. அருவிச் சத்தம். வெளிச்சம். ஆவுடைத்தாய்.

"ஏன் இப்படி ஓடி வாரீய? இங்க குடுங்க. அடேயப்பா, என்ன கனம் கனக்கான்!" அவள் வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "பசிச்சிருக்கும் எம் ராசாவுக்கு."

துண்டு விலகியது.

ஈர மண். விரலால் வழித்து வழித்து உருட்டிய களிமண். அதன் உச்சியில் அவன் மகனின் முடி.

கத்த நினைத்தான். அதற்குள் அவள் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டபடி, குனிந்து பார்க்காமலே முந்தானையால் மூடி மார்போடு அணைத்தாள். முந்தானைக்குள், அந்த மண் மெதுவாக அவள் பக்கம் வாயைத் திறந்தது.