சர்வருக்குப் புரியாத சொல்

"நான் அழிக்கலை சார்! சத்தியமா அழிக்கலை!" என்று கத்திக்கொண்டே துப்பறிவாளரின் அறைக்குள் வந்தாள் அந்தப் பெண். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் வாடகை சர்வரைப் பார்த்துக்கொள்பவள். எங்கோ தொலைவில் இருக்கும் கணினி அது; கட்டளைகளைத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். நேற்று மதியம் நானூறு பேரின் முடிவுகள் அதிலிருந்து அழிந்துவிட்டன, அவளுடைய கணக்கின் வழியாக. காத்திருந்தவர்கள் முன்னாலேயே முதலாளி அவளைத் திட்டி, போலீசில் கொடுப்பேன் என்று மிரட்டியிருக்கிறார்.

"பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?" என்றார் துப்பறிவாளர் நிதானமாக.

"மேனேஜருக்கு. முதலாளியோட மச்சான். நான் லீவு போனப்ப வாங்கி வெச்சுக்கிட்டார். அவசரத்துக்கு, கோப்புகளைப் பார்க்க ls, மீதி இடம் பார்க்க df, அழிக்க rm -rனு மூணு கட்டளையும் எழுதிக் கொடுத்தேன். இப்ப அந்தத் திரையைத் தொட்டதே இல்லைங்கறார்!"

"அப்ப அந்த ஆள்தான்!" என்று துள்ளினார் உதவியாளர். ஐம்பது வயதிலும் அவருக்கு அவசரக்குடுக்கை என்றுதான் பெயர்.

"இருய்யா, பார்ப்போம்."

நிலையத்துக்குப் போனதும், முதலாளியும் மேனேஜரும் பார்த்திருக்க, துப்பறிவாளர் history என்று தட்டினார். சர்வர் வாங்கிய கட்டளைகள் வரிசையாக வந்தன. கடைசி நான்கு: df, ls, cls, rm -r results. மீதி இடம் பார்த்து, கோப்புகளைப் பார்த்து, கடைசியில் அழித்திருக்கிறார்கள். மூன்றாவது வரியை மட்டும் அவர் இருமுறை படித்தார்.

"திரையைக் கொஞ்சம் துடைச்சு விடும்மா."

அவள் clear என்று தட்டினாள். திரை காலியானது.

"பாவம், மேனேஜருக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?" என்றார் துப்பறிவாளர் வேண்டுமென்றே.

மேனேஜருக்குச் சுருக்கென்றது. "ஏன் தெரியாது? இருபது வருஷமா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கேன்!" என்று cls தட்டினார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது சர்வர்.

"திரையைத் துடைக்க அது உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் பேச்சு. இந்த சர்வருக்குப் புரியாது. இந்தப் பொண்ணு கனவுலகூட அப்படித் தட்டமாட்டா. நேத்தும் நீங்கதான் தட்டியிருக்கீங்க."

மேனேஜர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "இடம் நிறைஞ்சுடுச்சு... பழசை மட்டும் எடுக்கலாம்னு பார்த்தேன்..."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! முதலாளியோ கூசாமல் சொன்னார்: "சரி விடும்மா. வீட்டு ஆளு, தெரியாம பண்ணிட்டார். வெளியில சொல்லாத. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

"நான் பண்ணா போலீஸ், மச்சான் பண்ணா 'விடும்மா'வா?" அவள் குரல் நடுங்கியது, அழுகையால் அல்ல. "வேலைக்கு வர்றதை நான் யோசிச்சுச் சொல்றேன். முதல்ல நீங்க எழுந்திருங்க. என்னை எத்தனை பேர் முன்னாடி திட்டுனீங்களோ, அத்தனை பேர் முன்னாடியும் யார் அழிச்சதுன்னு சொல்லுங்க."

ஆட்கள் காத்திருக்கும் கூடத்துக்குப் போகும் கதவை அவளே திறந்து பிடித்துக்கொண்டாள்.