மிளகளவு மூடி

"கண்ணாடிய உடையும் அண்ணாச்சி!" என்றாள் எஸ்கலின்.

மச்சாது உடைக்கவில்லை. அவசரத்திலும் பொறுமையாகத் திருகாணிகளைக் கழற்றினார். கப்பல் ஏஜென்சியின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பீரமாக நின்றது 'நெய்தல் ஸ்டார்'. நாலேகால் அடி நீளம். நிஜக் கப்பலில் இருநூறில் ஒரு பங்கு. தூத்துக்குடியில் கப்பல் மாதிரிகளைச் செய்யவும் செப்பனிடவும் மச்சாதுவை விட்டால் ஆள் கிடையாது. அந்தப் பெருமை மனிதருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

நிஜமான 'நெய்தல் ஸ்டார்' எட்டு மைல் தள்ளி, ஒரு மணல்திட்டில் தட்டி, வலப்பக்கம் சரிந்து கிடந்தது. முந்தின நாள் எஞ்சின் அறையில் தீ! பத்தொன்பது பேர் தப்பிவிட்டார்கள். பின்கோடியில் சுக்கான் எந்திர அறையில் வேலையாக இருந்த இருவர் மட்டும் வரவில்லை. ஒருவன் எஸ்கலினின் கணவன் கஸ்பார். மற்றவன் ஒடிசாக்காரன் பிரதான். கருகியிருப்பார்கள் என்று கேப்டன் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் காலையில் வலை இழுத்துத் திரும்பிய மீனவர் லூர்தையா அந்தக் கப்பலை ஒட்டி வந்தபோது சத்தம் கேட்டிருக்கிறார். இரும்பில் தட்டும் சத்தம்.

"ரெண்டு பேரு தட்டுதாங்க தங்கச்சி. ஒருத்தன் வேகமா, ஒருத்தன் நிதானமா."

துறைமுக அலுவலகத்தில் கெஞ்சினாள் எஸ்கலின். மீட்புக் குழு மாலைக்குள் வரும் என்றார்கள்.

"சாயங்காலமா? கடல்வெள்ளம் ஏறினா மத்தியானத்துக்குள்ள கப்பல் திட்டை விட்டு நழுவிரும்!" என்றார் லூர்தையா.

சுக்கான் அறையிலிருந்து பின்தளத்துக்கு ஏறிவர அவசர வழி ஒன்று உண்டு. அதன் மூடி மேலே இருக்கும். மூடியின் மேல் ஏதோ விழுந்து அடைத்திருக்க வேண்டும். அந்த மூடி எந்த இடத்தில்? வரைபடங்கள் கப்பலோடு எரிந்துபோயின; தப்பியவர்களை ஏற்றிச் சென்ற கப்பலும் தொடர்புக்குக் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்த ஒரே வழிகாட்டி இந்தப் பொம்மைக் கப்பல்தான். செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருப்பானேன் என்று, பொம்மைக் கப்பலையே தூக்கி லூர்தையாவின் ஃபைபர் படகில் வைத்தார்கள். மச்சாது அதைக் குழந்தைபோல மடியில் கிடத்திக்கொண்டார்.

"இதோ பாரும்மா, பின்தளம். இடப்பக்கம், மிளகு அளவுல ஒரு மூடி. இதான்!"

"உறுதியா அண்ணாச்சி?"

"என் கைபட்ட கப்பலும்மா இது!"

மூவரும் கிட்டே போனார்கள். வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது கப்பல். மேலே கண்டெய்னர்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. சரிந்த பக்கத்தில் ஏணி ஒன்று தொங்கியது. படகை ஏணியில் கட்டிவிட்டு, கடல் பொங்கும் நேரம் பார்த்துத் தாவினார்கள். தளம் சூடாக இருந்தது. காலடியில் தட்டல் கேட்டது. டக்டக்டக்... டக்... டக். இரும்பு முழுக்க அதிர்ந்ததால் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை.

"கஸ்பார்!" என்று கத்தினாள் எஸ்கலின். தட்டல் வேகமெடுத்தது.

இடப்பக்கத்துக்கு ஏறினார்கள். கப்பல் சரியும் முன்பே கண்டெய்னர்களிலிருந்து சிதறி மாட்டிக்கொண்ட கம்பிகளும் தகடுகளும் அங்கே ஆளுயரம் குவிந்து கிடந்தன. இழு! தள்ளு! உருட்டு! எஸ்கலினின் உள்ளங்கை கிழிந்தது. சேலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். முழுசாக ஒரு மணி நேரம். வெள்ளம் ஏறிக்கொண்டே இருந்தது. கப்பல் ஒருமுறை உடம்பை உதறியது.

கடைசித் தகடும் புரண்டது. அடியில் மூடி இல்லை. வெறும் இரும்புத் தளம்.

லூர்தையா குனிந்து காதை வைத்தார். "இப்ப ஒருத்தன்தான் தட்டுதான்" என்றார்.

மச்சாது அந்த வெறும் தளத்தைத் தடவிப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன் நடந்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. தூசி தட்டும்போது பொம்மைக் கப்பலின் அந்த மூடி பெயர்ந்து விழுந்தது. விழுந்தது வலப்பக்கத்திலிருந்து. ஆனால் வலப்பக்கம் சுவரைப் பார்த்து நிற்பது. இடப்பக்கம்தான் வருகிறவர்கள் கண்ணில் படுவது. மூடி பார்வையாக இருக்கட்டுமே, யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று பசை தடவி இந்தப் பக்கம் ஒட்டிவிட்டார். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. அன்றைக்கே மறந்தும் போனார்.

கப்பல் கட்டியவன் வழியை மாற்றியிருப்பான் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை அந்தப் பொய் வந்தது.

"நாந்தாம்மா மாத்தி ஒட்டினேன். அழகுக்காவ. மூடி வலப்பக்கம்."

எஸ்கலின் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வாரும்" என்றாள். அவ்வளவுதான்.

வலப்பக்கம் பாதி தண்ணீருக்குள். தொடை பருமன் கயிறுகள் சரிந்து வந்து மலையாகக் கிடந்தன. அலை ஒவ்வொன்றும் இடுப்பில் அறைந்தது. லூர்தையா வலை வெட்டும் கத்தியால் அறுத்தார். மற்ற இருவரும் இழுத்துக் கடலில் தள்ளினார்கள். ஒற்றைத் தட்டல் தளர்ந்தது. பிறகு நின்றது. நம்பிக்கை என்று சொல்ல அப்போது யாரிடமும் எதுவும் இல்லை. கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது.

மூடி தெரிந்தது! மூவரும் சேர்ந்து அதைத் திறக்கும் சக்கரத்தைத் திருப்பினார்கள். கரும்புகை குபுகுபுவென்று வந்தது. புகைக்குள்ளிருந்து ஒரு கை மேலே நீண்டது. கஸ்பார்!

எஸ்கலின் அவனை மார்போடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"பிரதான்..." என்று இருமினான் கஸ்பார். "இப்ப வரைக்கும்... ஒரு மணி நேரம் முன்னால வரைக்கும் தட்டிக்கிட்டுத்தான் இருந்தான்."

மச்சாது உள்ளே இறங்கினார். பிரதானை அவர்தான் தோளில் சுமந்து ஏற்றினார். மூச்சு நின்றிருந்தது; உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

படகு அரை மைல் விலகுவதற்குள் கப்பல் திட்டை விட்டு நழுவி, பின்பக்கமாக முங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்கலின் மெதுவாகச் சொன்னாள்: "அந்த மூடி விசயத்த யார்ட்டயும் சொல்லாதேயும் அண்ணாச்சி. எம் மாப்பிளைய உசுரோட தந்துட்டீரு. எனக்கு அது போதும்."

கரையில் ஊரே திரண்டிருந்தது. விசில் பறந்தது. மச்சாதுவைத் தோளில் தூக்கினார்கள். "பொம்மையப் பாத்தே ஆளக் காப்பாத்திட்டாரு!" என்று யாரோ ஒருவன் கூவினான். சின்ன வேலைதானே என்று கை அசட்டையாகச் செய்வதற்கும் கணக்குக் கேட்க ஒருநாள் ஆள் வரும் என்பதை அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் அறிந்திருந்தார்.

ஏஜென்சி அதிகாரி செல்போனைப் பொத்திக்கொண்டு தவித்தார். மறுமுனையில் பிரதானின் அண்ணன். இந்தியில் சொல்ல ஆள் வேண்டும்.

"இறக்கி விடுங்கய்யா" என்றார் மச்சாது. பம்பாய்த் துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர் அவர். எஸ்கலின் அவர் கையைப் பிடித்து வேண்டாம் என்று தலையசைத்தாள். கையை விடுவித்துக்கொண்டு செல்போனை வாங்கினார்.

"உங்கள் தம்பியை நான்தான் வெளியே எடுத்தேன்" என்று இந்தியில் ஆரம்பித்தார். "ஒரு மணி நேரம் முன்னால் எடுத்திருக்க வேண்டும். ஏன் முடியவில்லை என்று சொல்கிறேன், கேளுங்கள்."