கண்ணாடி உடையவில்லை

கோடை விடுமுறை முடிய இரண்டு வாரம் இருக்கையில், ஒரு நடுப்பகலில், சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகும் பஸ்ஸிலிருந்து கல்லூரி வாசலில் இறங்கினார் கோமதிநாயகம். கல்லூரிக் கட்டடங்களைக் கவனிக்க வந்த புது ஓவர்சியர். வேலையோடு மகள் அன்னக்கிளிக்குப் புகுமுக வகுப்பில் இடமும் கிடைத்திருந்தது. அந்த வகுப்புக்கு ஒதுக்கியது வடக்குக் கட்டடத்து ஹால்.

கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த வாடை. மேல்தளத்தின் நடுவே தொடங்கிய விரிசல் சுவர் வழியாகத் தரைவரை இறங்கியிருந்தது.

விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதி வைப்பது ஓவர்சியர்களின் வழக்கம். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். 14-6-76 என்று எழுதி ஒட்டினார்.

மறுநாள் கண்ணாடி உடையவில்லை.

தேதிதான் 28-6-76 ஆகியிருந்தது.

கல்லூரி திறக்கும் நாள்.

விரலால் அழித்துப் பார்த்தார். அழியவில்லை. எழுத்து கண்ணாடிக்கு அடியில், சுவர்ப்பக்கம் இருந்தது.

காவலாளி மூக்காண்டி குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சுழிச்ச எட்டு, செத்துப்போன சங்கரநாராயணன் ஓவர்சியர் எழுத்துல்லா. இதை இடிக்கணும்னு ஆறு ரிமைண்டர் போட்டாவ. ஏழாவது எழுதயில நெஞ்சடைச்சிட்டு."

"செத்த பொறவுமா எழுதுவாவ?"

"இன்னும் பதில் வரலைலா ஐயா."

பிரின்சிபால் சிவராமலிங்கத்தின் பெயர், அந்தக் கட்டடத்தின் திறப்புவிழாக் கல்லில் கட்டடத்தைவிட உறுதியாக நின்றது. அவர் கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"உடைஞ்சிருக்கா வே?"

"இல்ல சார். தேதி..."

"தேதி மாறினா காலண்டர் சமாச்சாரம். கண்ணாடி உடைஞ்சாத்தான் கட்டடச் சமாச்சாரம். பயமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடும். வேலை வேணுமா வேண்டாமா?"

கோமதிநாயகத்தின் கை கையெழுத்துப் போட்டது. மறுநாளே விரிசலுக்கு வெள்ளையடித்தார்கள்.

வீட்டில் மகளிடம் கெஞ்சினார். "அந்த ஹாலுக்குப் போகாத மக்கா."

அவள் சிரித்தாள். "நீங்கதானப்பா நல்லாருக்குன்னு எழுதியிருக்கீய. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்குல்லா."

இருபத்தெட்டாம் தேதி. ஹால் நிறைந்திருந்தது. அன்னக்கிளி முதல் பெஞ்சில், விரிசலுக்கு நேர் கீழே. வெள்ளையைத் தாண்டி அந்தக் கோடு ஈரமாகத் தெரிந்தது. கோமதிநாயகம் உள்ளே காலெடுத்து வைத்தார். பிரின்சிபாலின் கை தோளில் விழுந்தது.

"வகுப்பு நடக்கயில உள்ள போகப்பிடாது வே. ஒரு ஒழுங்கு வேணும்."

விரிவுரையாளர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசித்தார்.

"அன்னக்கிளி."

"உள்ளேன் ஐயா."

"உள்ளேன் ஐயா."

அதே குரல். இரண்டாவது மேலிருந்து வந்தது, வாயில் மண் அடைத்தாற்போல.

விரிவுரையாளர் தலை நிமிரவில்லை. "ஒரு தடவை சொன்னா போதும்மா."

அன்னக்கிளி மெல்ல அண்ணாந்து பார்த்தாள்.

"நான் ஒரு தடவைதான் சொன்னேன் ஐயா."